மீனம்பாக்கம் விமான நிலையம்: பிரயாணம் செய்யும் அங்கத்தினர்களுக்கு

நமது சங்கத்தின் மூத்த நெசவாளர் ஒருவர், கைத்தறிக் கண்காட்சியில் நெய்து காட்டிவிட்டு வடநாட்டு நகரமொன்றிலிருந்து விமானத்தில் திரும்பினார். தகப்பனார் காலத்துக் கத்தரிக்கோல் அவருடைய கைப்பையில் இருந்தது. சோதனையில் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கூரிய கருவிகளைப் பிரயாணி தம்முடன் விமானத்துக்குள் கொண்டுசெல்லலாகாது என்பது விதி. விமானக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் பெட்டியில் வைத்திருந்தால் தடையில்லை. இதை முன்கூட்டிச் சொல்லாதது உடன் சென்ற என் குற்றமே.

ஆகவே, நம்மவர் பெரும்பாலும் பயன்படுத்தும் மீனம்பாக்கத்தைப் பற்றிச் சில விவரங்கள். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் அதைச் சென்னை சேர்த்தார். பழைய மீனம்பாக்கம் கட்டடம் போதாமற் போகவே, திரிசூலத்தின் பக்கம் காமராஜர், அண்ணா பெயர்களில் உள்நாட்டு, பன்னாட்டு நிலையங்கள் எழுந்தன. 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் அலங்காரத்தில் கோலம், கோயில் இவற்றுடன் சேலையின் சாயலும் உண்டு. நெசவூரார் நின்று பார்க்கத்தக்கது.

வாலாஜாபாத், படப்பை வழியாகத் தாம்பரம் சென்று, மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. உள்நாட்டுப் பிரயாணத்துக்கு இரண்டு மணி நேரமும், வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு மூன்று மணி நேரமும் முன்னதாகச் சேர்வது நலம். எந்தக் கட்டடம் என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்க.

வெளிநாடு செல்வோர் கவனிக்கவேண்டியது பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் செல்வதாயின், பொதுவாக அரசாங்கத்தின் முன் அனுமதி பெறவேண்டும். கண்காட்சிக்கோ உறவினரைக் காணவோ போவதற்கு இது வேண்டுவதில்லை. தரகர் சொல்லை நம்பி, வேலைக்குப் போகிறவர் சுற்றுலா என்று எழுதிக் கொடுப்பது பெருந்தீங்கு. விற்பனைக்கும் காட்சிக்கும் எடுத்துச்செல்லும் பட்டுச் சேலைகள் சொந்த உடைமை ஆகா. புறப்படுமுன்பே சுங்க இலாகாவில் உரிய பத்திரம் பெறாவிடில், மீந்த சேலைகளைத் திரும்பக் கொண்டுவரும்போது நம் சரக்குக்கு நாமே தீர்வை கட்ட நேரலாம்.

இந்நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றைப் பாலத்தால் கடந்து செல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி ஓடுதளத்தில் நீர் ஏறியதால், நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. ஏரிப் பாசனத்தை அறிந்த நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

அவர்களுக்கு இன்னொரு நிலையமும் முக்கியம். மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்று, நம் ஜில்லாவிலேயே பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அமைப்பதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பதின்மூன்று கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் அதற்கு வேண்டும் என்பது திட்டம். அதில் நஞ்சையும் ஏரிகளும் அடக்கம். ஏகனாபுரத்தார் அவ்வாண்டு முதலே எதிர்த்துப் போராடினர். நிலையம் வேண்டும் என்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் வெள்ளம் போகும் வழியில் ஓடுதளம் போட்டதன் பலனை ஒருமுறை பார்த்தாகிவிட்டது. ஏரிகளைத் தூர்த்து மறுமுறையும் பார்ப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

ஆட்சேப மனுவாயினும் நஷ்ட ஈடாயினும், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. அப்பகுதி அங்கத்தினர்களில் பாட்டனார் பெயரிலேயே பட்டா வைத்திருப்போர், வாரிசுச் சான்று, சிட்டா நகல்களுடன் சங்க அலுவலகத்துக்கு வந்தால், பெயர் மாற்ற மனு எழுத உதவி செய்யப்படும்.