கரும்பு நூலுக்கும் பரிசு உண்டு

நெல்லிக்குப்பம் நேயர்களே, சர்க்கரை ஆலை ஊர்க்காரங்க நீங்க! கரும்பு சாகுபடியைப் பத்தி நீங்க ஒரு புத்தகம் எழுதினா, அதைப் பரிசுக்கு அனுப்ப முடியுமா? தாராளமா அனுப்பலாம்!

தமிழ் வளர்ச்சித் துறை தர்ற சிறந்த நூல் பரிசுல கவிதை, நாவலோட வேளாண்மைக்கும் தனி இடம் இருக்கு. யாராவது சிபாரிசு பண்ணட்டும்னு காத்திருக்க வேண்டாம். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தோட புத்தகப் பிரதிகளையும் வச்சு நீங்களே அனுப்பலாம். ஆனா, அந்தப் பரிசுக்குரிய வருஷத்துல வந்த முதல் பதிப்பா இருக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: பரிசு எழுதினவருக்கு மட்டுமில்ல, நம்பிக்கையோட அதை வெளியிட்ட பதிப்பகத்துக்கும் உண்டு. எழுதி வச்சதைத் தூசி தட்டி எடுங்க!