பட்டாம்பூச்சி எங்கே முட்டை வைக்குதுன்னு பாருங்க

மாசி முடிஞ்சு பங்குனி பிறந்துட்டா சேலம், நாமக்கல் பக்கம் மானாவாரிக் காடெல்லாம் காய்ஞ்சு கிடக்கும். கிணத்துத் தண்ணி பாயுற குச்சிக்கிழங்கு, வாழை, காய்கறி மட்டும் பச்சையா நிக்கும். பட்டாம்பூச்சி பார்க்க இது தோதான காலம். பூவும் ஈரமும் குறைஞ்சு போனதால, அவை இருக்கிற இடத்தைத் தேடி வந்துடும். வரப்புல கிணற்றடிப்பூண்டு பூத்திருந்தா அங்கே தேன் குடிக்கும். வாய்க்கால் ஈரத்துல கூட்டமா உட்கார்ந்து மண்ணிலிருக்கிற உப்பை உறிஞ்சும். அப்படி உட்காருவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள்.

வெயில் ஏறி இறக்கை சூடானபிறகுதான் அவை நல்லாப் பறக்கும். அதனால காலை எட்டு மணிக்கு மேல கால் மணி நேரம் ஒரே இடத்துல நின்னு பார்ப்பது என் வழக்கம். விவசாயிக்கு முக்கியமானது தேன் குடிக்கிற பூ இல்லீங்க, முட்டை வைக்கிற செடி. ஒவ்வொரு வகைப் புழுவுக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான் தீனி.

செம்மஞ்சள் நிற வெந்தய வரியன் எருக்கைத் தேடிப் போகும். அதனால நம்ம பயிருக்கு ஒண்ணும் ஆகாது. வெளிர்மஞ்சள் பூச்சிகள் கொன்றையிலும் ஆவாரையிலும் முட்டை வைக்கும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது அழகிப் பட்டாம்பூச்சிகளின் இளம்புழு. சின்னக் கன்னா இருந்தா கையால பொறுக்கினாலே போதும். ஆமணக்கு இலையைத் தின்கிற முள்புழுவும் ஒரு பட்டாம்பூச்சியின் பிள்ளைதான். அவரை, துவரைப் பூமொட்டைச் சுற்றுகிற சின்ன நீலப் பூச்சியை மட்டும் கவனமாப் பாருங்க. அதன் புழு மொட்டையும் காயையும் துளைக்கும்.

இப்போ குச்சிக்கிழங்குக்கு வர்றேன். 2020-ல் இந்தியாவில் முதன்முதலாக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சீக்கிரமே நம்ம இரண்டு மாவட்டத்திலும் பரவிடுச்சு. நுனி சுருண்டு கொத்தா நிக்கும், கணு குட்டையாகும், கிழங்கு சிறுத்துப்போகும். வெயில் காலத்துல இது வேகமாப் பெருகும்.

மாவுப்பூச்சி அப்பின அந்த நுனியைச் சுற்றி, பழுப்பு நிறத்துல நகத்தளவு பட்டாம்பூச்சி ஒண்ணு விருட்டுனு பறக்கும். இறக்கையின் அடிப்பக்கம் வெளிறி, மெல்லிய அலைக்கோடுகள் இருக்கும். இதற்கு ஸ்பால்கிஸ் எபியஸ் என்று பெயர். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவுலதான் முட்டை வைக்கும். இதன் புழு இலையைத் தின்னாது. மாவுப்பூச்சியின் முட்டை, குஞ்சு, தாய் எல்லாவற்றையும் தின்னும். கூட்டுப்புழுவைத் திருப்பிப் பார்த்தா குரங்கு முகம் மாதிரியே இருக்கும். ஆங்கிலத்தில் ஏப்ஃபிளை என்று பேர் வந்தது அதனாலதான்.

சிக்கல் என்னன்னா, இந்தப் புழு மாவுப்பூச்சியின் வெள்ளை மாவைத் தன் மேலயே பூசிக்கும். தூரத்துல இருந்து பார்த்தா பெரிய மாவுப்பூச்சின்னு தோணும். 'பூச்சி பெருத்துப் போச்சு'ன்னு மருந்தடிச்சா நமக்காக வேலை செய்யறவனும் சேர்ந்து சாவான். அதனால ஈர்க்குச்சியால மாவை மெல்ல விலக்கிப் பாருங்க. அட்டை மாதிரி தட்டையா, நகர்ந்துகிட்டு இருந்தா விட்டுடுங்க. சில பொறிவண்டுப் புழுக்களும் இப்படித்தான் வெள்ளையா இருக்கும். அவையும் நம்ம ஆளுங்கதான்.

இந்த மாவுப்பூச்சியை அழிக்க இன்னொரு கூட்டாளியும் வந்திருக்கு. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வெளியிட்டாங்க. 1980-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை நம்பி வாழ்ந்த மக்களைப் பஞ்சத்திலிருந்து காத்ததும் இதே குளவிதான். கண்ணுக்குச் சரியாத் தெரியாத அளவு சின்னது. விஷமருந்து அடிச்சா முதல்ல சாகறதும் இதுதான்.

செய்ய வேண்டியது கொஞ்சந்தான். பூச்சி பிடிச்ச காட்டிலிருந்து விதைக்குச்சி எடுக்காதீங்க. வரப்புப் பூண்டை ஒரேயடியாச் செதுக்காதீங்க, குளவிக்கும் பட்டாம்பூச்சிக்கும் தேன் அங்கேதான் இருக்கு. வாரம் ஒரு நாள் பத்துச் செடியின் நுனியைப் பார்த்து, மாவுப்பூச்சி எத்தனை, தின்கிற புழு எத்தனைன்னு நோட்டுல குறிச்சு வையுங்க. தின்கிறது கூடிக்கிட்டே வந்தா, தெளிப்பானை வீட்டுலயே வெச்சிடலாம்.