எயார்பிரஷ் வாங்குமுன்: கச்சான் காற்றும் கராஜ் தின்னரும்

மாதிரி பஸ், படகு, விமானம் செய்பவர்கள் தூரிகையை விட்டு எயார்பிரஷுக்கு மாறும்போது முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" என்பதுதான். யூடியூபில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை நமது காலநிலையை அறியாதவை. கல்முனையிலோ நிந்தவூரிலோ வீட்டு விறாந்தையில் இருந்து பெயின்ட் அடிப்பவருக்கு அவை பாதிதான் உதவும்.

மேலே சிறு கிண்ணமும், அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட் என இயங்கும் விசையும் கொண்ட வகையே மாதிரி வேலைக்கு ஏற்றது. இணையத்தில் 130 என்ற இலக்கத்துடன் மலிவாக விற்கப்படும் சீனத் தயாரிப்பும் இந்த வகைதான். அதில் பொதுவாக 0.3 மில்லிமீற்றர் முனை இருக்கும். பழகுவதற்கு அது போதும். ஆனால் அந்த முனை மிகச் சிறிய திருகாணி போன்றது; கழுவும்போது சற்று அதிகமாக இறுக்கினால் உடைந்துவிடும். ஜப்பானின் இவாட்டா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் (0.35 மி.மீ.), ஜெர்மனியின் ஹார்டர் அன்ட் ஸ்டீன்பெக் எவலூஷன் ஆகியவற்றில் முனையைத் திருகத் தேவையில்லை, செருகி வைத்தால் போதும். பல மடங்கு விலை கொடுப்பதற்கு இது நியாயமான காரணம். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு அந்த விலை எல்லோருக்கும் எட்டக்கூடியதல்ல என்பது வேறு கதை.

பிராண்டை விட முக்கியமான கேள்வி, எந்தப் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்பது. மாதிரிகளுக்கென்றே வரும் அக்ரிலிக் பெயின்ட் ஊரில் எளிதில் கிடைக்காது. கைக்கு எட்டுவது வாகனப் பெயின்டும் தின்னரும்தான். அந்தத் தின்னர் மலிவான எயார்பிரஷின் இறப்பர் வளையங்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். எனவே வாங்கும்போது வளையங்கள் டெஃப்லோனா என்று கேளுங்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு ரெஜிபோமில் கலங்கரை விளக்கம் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரெஜிபோம், மாதிரிப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் இரண்டுமே பொலிஸ்டைரீன். தின்னர் பட்டால் முதலாவது கரைந்தே போகும். இரண்டாவதிலும் கனமாக அடித்தால் மேற்பரப்பு இளகும்.

அடுத்தது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் அக்ரிலிக் பெயின்ட் ஊசி நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சில துளிகள் மாதிரியில் விழுமுன்பே உலர்ந்து, மேற்பரப்பு மண்தாள் போலாகிவிடும். காலையில் வேலை செய்யலாம், பெயின்டை இன்னும் நீர்க்கக் கரைக்கலாம், ரிட்டார்டர் சில துளி சேர்க்கலாம். மாரியில் நிலைமை தலைகீழ். கொம்பிரசர் ஈரக் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீர் பிரிந்து குழாய் வழியே வந்து பெயின்டில் தெறிக்கும். லாக்கர் பெயின்ட் வெள்ளை பூத்ததுபோல் மங்கும். ஆகவே எயார்பிரஷில் மிச்சம் பிடிக்கும் காசை, காற்றுத் தாங்கியுள்ள கொம்பிரசருக்கும் நீர்ப்பிரிப்பானுக்கும் செலவிடுவதே என் தெரிவு. தாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்காவிட்டால், உள்ளே துருப்பிடிக்கும்.

கராஜ் கொம்பிரசரையும் பயன்படுத்தலாம். ஆனால் அழுத்தத்தை 15–20 பிஎஸ்ஐக்குக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம். பழைய ஃபிரிஜ் கொம்பிரசர் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் எண்ணெயையும் சேர்த்துத் துப்பும்; அதற்குத் தனி வடிகட்டி வேண்டும்.

கராஜில் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. கொரோனா காலத்து முகக்கவசம் அதைத் தடுக்காது. சாதாரண லாக்கருக்கும் கரி வடிகட்டியுள்ள முகமூடி தேவை, ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். சமையலறை பக்கத்தில் இருந்தால் காஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே தின்னர் போத்தலைத் திறக்க வேண்டும்.