மோட்டார் 'காயில்' எரிவது ஏன்? உறுமும் காந்தம் உண்மையைச் சொல்லும்!

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வயலில் பயிர் வாடுகிறது. ஆனால் மோட்டார் ஓடவில்லை! சுவிட்சைப் போட்டால் 'உம்' என்று முனகுகிறது. கருகிய வாடை வருகிறது.

"காயில் போய்விட்டது" என்று சொல்லி, மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போகிறார்கள். அந்தக் காயிலுக்கு என்னதான் நேர்ந்தது?

மெல்லிய பூச்சு

காயில் என்பது செப்புக் கம்பிச் சுருள். பார்த்தால் வெறும் கம்பி போல் இருக்கும். ஆனால் அதன் மேல் மெல்லிய எனாமல் பூச்சு உண்டு. மின்சாரம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவாமல் தடுப்பது அந்தப் பூச்சுதான்.

இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1831-ம் ஆண்டில் ஓர் இரும்பு வளையத்தில் கம்பி சுற்றினார். அவருக்கு எனாமல் கம்பி கிடைக்கவில்லை. சுற்றுகளுக்கு நடுவே நூல் கயிறும், அடுக்குகளுக்கு நடுவே துணியும் வைத்துச் சுற்றினார். கம்பியும் கம்பியும் தொடக்கூடாது என்பது அன்றும் இன்றும் ஒரே விதிதான்.

பூச்சுக்குப் பகை சூடு. தாங்கும் அளவைவிட 10 டிகிரி கூடினால், அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பொறியாளர்கள் கணக்கு.

ஒரு சுற்று போதும்!

100 சுற்று உள்ள காயிலில் ஒரே ஒரு சுற்றில் பூச்சு உரிந்து, கம்பி பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சுற்று தனி வளையம் ஆகிவிடும். அதற்குள் மின்சாரம் வெள்ளம் போல் சுற்றிச் சுற்றி ஓடும். சூடு ஏறும். பக்கத்துச் சுற்றுகளும் கருகும். இதுதான் ஷார்ட் சர்க்யூட்!

இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. மீட்டர் வைத்துப் பார்த்தால் நூற்றில் ஒரு பங்குதான் வித்தியாசம் தெரியும். 'மெக்கர்' கருவியும் ஏமாற்றலாம். கம்பிக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே கசிவு உண்டா என்றுதான் அது சொல்லும்.

துடிக்கும் பிளேடு

மிக்சி போன்றவற்றில் சுழலும் 'ஆர்மேச்சர்' பகுதியைச் சோதிக்க 'கிரௌலர்' என்ற மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் உறுமும். ஆர்மேச்சரை அதன் மேல் வைத்து, ரம்பப் பிளேடு ஒன்றை மேலே பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்புவார்கள். ஷார்ட் ஆன இடம் வந்ததும் பிளேடு 'டர்ர்' என்று துடிக்கும். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

பம்புசெட் மோட்டாரில் காயில்களை வரிசையாக இணைத்துக் குறைந்த மின்சாரம் கொடுத்து, ஒவ்வொன்றாக அளப்பார்கள். எந்தக் காயிலில் வோல்டேஜ் குறைவோ, அதில்தான் கோளாறு.

பழுது பார்ப்பது எப்படி?

கோளாறு மேலாக இருந்தால், மிதமாகச் சூடு காட்டி வார்னிஷை இளக வைக்கிறார்கள். மூங்கில் சிம்பால் கம்பியை மெல்ல நெம்பி, நடுவே காப்புத் தாள் செருகி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துகிறார்கள். உள்ளே ஆழத்தில் என்றால், பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். பழைய சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்வது முக்கியம். சுற்று குறைந்தால் மோட்டார் மறுபடி சூடேறும்.

காரணத்தைக் கேளுங்கள்

காயில் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. எரிந்த காரணம் அப்படியே இருந்தால் புதுக் காயிலும் எரியும். பணமும் போகும், பயிரும் போகும்!

பழைய காயிலே காரணத்தைச் சொல்லும். மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு பகுதி கருகி, மற்றது பளபளப்பாக இருந்தால், பெரும்பாலும் ஒரு பேஸ் வராமல் ஓடியிருக்கிறது. எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் பாரம் அதிகம், அல்லது பம்பு இறுகியிருக்கும்.

மோட்டார் முனகினால் திரும்பத் திரும்ப சுவிட்சைப் போடாதீர்கள். உடனே நிறுத்துங்கள். ஒரு சுற்றோடு போக வேண்டிய கோளாறு, மோட்டார் முழுவதையும் எரித்துவிடும்!