தேயிலை மண்ணும் ஆவர்த்தன அட்டவணையும்

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் இலங்கை மலைநாட்டின் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக நோக்குடன் தேயிலை பயிரிட்டார். ஈராண்டின் பின், 1869இல், உருசிய நாட்டறிஞர் மெண்டலீவ் மூலகங்களை அணுநிறைப்படி வரிசைப்படுத்தி, அவற்றின் இயல்புகள் ஒழுங்காக மீண்டும் தோன்றுதலை உலகிற்குக் காட்டினார். தொடர்பற்றனபோல் தோன்றும் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மண் இணைத்து வைக்கின்றது.

அட்டவணையின் மூன்றாம் ஆவர்த்தனம் சோடியம், மகனீசியம், அலுமினியம் எனத் தொடங்கிக் குளோரீன், ஆகன் வரை செல்லும். இடமிருந்து வலமாகச் செல்லுந்தோறும் கருவின் புரோத்தன்கள் ஒவ்வொன்றாய் மிகும். புதிய இலத்திரன்களோ ஒரே ஓட்டிலேயே சேர்வதால், கருவின் கவர்ச்சியை நன்கு மறைக்கமாட்டா. ஆகவே அணு சுருங்கும். உலோக இயல்பு குன்றும். சோடியத்தின் ஒட்சைட்டு வன்கார இயல்பினது. கந்தகத்தின் ஒட்சைட்டுக்கள் அமில இயல்பின. இடைநின்ற அலுமினிய ஒட்சைட்டு ஈரியல்பும் உடையது.

அயன்களில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ஓரேற்றச் சோடிய அயனின் ஆரை ஏறக்குறைய 102 பிக்கோமீற்றர். ஈரேற்ற மகனீசிய அயனுக்கு 72. மூவேற்ற அலுமினிய அயனுக்கு 54. ஏற்றம் மிக, உருவம் சிறுக்கின்றது. சிறிய உருவில் பேரேற்றம் தாங்கிய அலுமினிய அயன், தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளின் இலத்திரன்களைத் தன்பால் ஈர்த்து, ஐதரசன் அயன்களை விடுவிக்கும். மண்ணின் புளிப்புக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

களிமண் துணிக்கைகள் மறையேற்றமுடையன. அவற்றில் தளர்வாகப் பற்றிநிற்கும் சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றையும், பின்னர் மகனீசியம், கல்சியம் ஆகியவற்றையும் மலைநாட்டுப் பெருமழை கழுவிச் செல்லும். வலிதாகப் பற்றிய அலுமினியம் எஞ்சும். பயிர்கள் பலவற்றின் வேரை இவ்வலுமினியம் கருக்கிவிடும். தேயிலையோ அதனை ஏற்று, முதிர்ந்த இலைகளிலே தேக்கிவைத்துத் தழைக்கும் ஆற்றலுடையது. பிற பயிருக்கு நஞ்சாவது இதன் வேர் வளர்ச்சிக்குத் துணையாதல் வியத்தற்குரியது.

எனினும் புளிப்புக்கும் எல்லை உண்டு. தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது. அமோனிய உரங்களை ஆண்டுதோறும் இடுவதால் இப்பெறுமானம் மேலும் தாழும். அவ்வாறு தாழ்ந்தவிடத்துக் கவ்வாத்துக் காலத்தை ஒட்டித் தொலமைற்று இடுதல் வழக்கம். அதிலுள்ள காபனேற்றுக்கள் அமிலத்தைத் தணிக்கும். மழை கவர்ந்த கல்சியமும் மகனீசியமும் மண்ணுக்கு மீளும். அளவு மிகின் தேயிலை விரும்பும் புளிப்பே கெட்டுச் செடி நலியும். ஆதலின் மண்ணைச் சோதித்தே அளவு துணிதல் வேண்டும். 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய ஆய்வுக்கு உறைவிடமாகும்.

மாணவர் வகுப்பறையிற் கற்கும் அயன் ஆரையும் ஏற்றமும் மலைச்சரிவிலே விளைச்சலாக உருப்பெறுகின்றன. அவ்விளைச்சலை நம்பியே கொழுந்து பறிப்போர் இல்லங்களில் அடுப்பெரிகின்றது.