சரக்கு வண்டியில் உள்ள வானொலிப் பெட்டி சொல்லும் குறிகள்



திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கிழக்கு லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். லேட்டன் பகுதியில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தையில் விடியுமுன் கீரையும் காய்கறியும் கொள்முதல் செய்து, தன் கடைக்கு எடுத்தது போக, மீதியை வெளியூர்க் கடைகளுக்கும் வேனில் கொண்டு போய்ப் போடுவார். ஊருக்கு வந்திருந்தபோது அவர் என்னிடம் சொன்னது இது.

"அண்ணாச்சி, வேன்ல இருக்க ரேடியோவுக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே நிறுத்திப்போட்டு எவனோ ரோட்டப் பத்திப் பேசுதான். ஒரு நிமிசத்துல திரும்பவும் பாட்டு வருது. தெரிஞ்ச பையன் ஒருத்தன்கிட்ட சொன்னேன். ஒரு பொத்தானை அமுக்கினான், சத்தம் நின்னுபோச்சு."

சத்தம் நின்றதில் அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அடுத்த கோடைக்காலத்தில் ஒரு நாள் காலை, லண்டனைச் சுற்றிச் செல்லும் எம் 25 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றார். முன்னால் ஒரு விபத்து. வேனில் இருந்த கீரை அத்தனையும் வதங்கிவிட்டது. எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று இரண்டு கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே சாலைக்கு வரவேண்டிய வேறொரு ஓட்டுநரோ வானொலியில் செய்தி கேட்டு முன்னதாகவே திரும்பி, மாற்று வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் நண்பர் அணைக்கச் சொன்ன பொத்தான்தான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்திருக்க வேண்டியது.

அந்தப் பொத்தான் என்ன, அதன் பக்கத்தில் உள்ள மற்றப் பொத்தான்கள் என்ன என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நம்மில் பலருக்குப் பிள்ளைகளும் உறவினர்களும் ஐரோப்பாவில் கடை நடத்துகிறார்கள். அவர்களுக்காவது இது பயன்படும்.

சரக்கோடு போகும் சீட்டு

லாரியில் சரக்கு ஏற்றும்போது கூடவே ஒரு சீட்டும் போகிறது. என்ன சரக்கு, யாருடையது, எங்கே போகிறது என்று அதில் எழுதியிருக்கும். மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமலே சீட்டைப் பார்த்து விவரம் அறியலாம். எஃப்.எம். ஒலிபரப்பிலும் இப்படி ஒரு சீட்டு உண்டு. அதற்குப் பெயர் ரேடியோ டேட்டா சிஸ்டம், சுருக்கமாக ஆர்.டி.எஸ்.

நிலையம் அனுப்பும் பேச்சும் பாட்டும்தான் மூட்டைகள். நம் காதில் விழாத 57 கிலோ ஹெர்ட்ஸ் துணை அலை ஒன்றில் சீட்டு தனியே போகிறது. நொடிக்கு 1187.5 பிட் என்ற அளவில் விவரம் வருகிறது. இன்றைய கணினிக் கணக்கில் இது மிகச் சொற்பம். ஆனால் ஒரு சீட்டுக்கு இதுவே தாராளம். 104 பிட் கொண்டது ஒரு கட்டு. நொடிக்கு ஏறக்குறைய பதினொரு கட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பாலத்தடியில் போகும்போது ஒன்றிரண்டு தவறினாலும் அடுத்தது உடனே வந்துவிடும்.

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 1984-ஆம் ஆண்டில் இதன் விதிமுறைகளை வெளியிட்டது. பிரிட்டனில் பி.பி.சி. 1987-இல் இதைத் தொடங்கியது. 1990-இல் இது ஐரோப்பியத் தரமாயிற்று. பெட்டியின் முகப்பில் எட்டு எழுத்துக்குள் நிலையத்தின் பெயர் தெரிவதும், வண்டி நகர நகர அதே நிகழ்ச்சி தெளிவாகக் கிடைக்கும் வேறு கோபுரத்துக்குப் பெட்டி தானே மாறிக்கொள்வதும் இந்தச் சீட்டினால்தான்.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1974 முதல் ஏ.ஆர்.ஐ. என்ற முறை நடைமுறையில் இருந்தது. வாகன ஓட்டிகளுக்குப் போக்குவரத்துச் செய்தியைத் தவறாமல் சேர்ப்பதே அதன் வேலை. அதுவும் இதே 57 கிலோ ஹெர்ட்ஸைத்தான் பயன்படுத்தியது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடும்படி ஆர்.டி.எஸ். அமைக்கப்பட்டது. பழைய முறை ஜெர்மனியில் 2005-இல் நிறுத்தப்பட்டது.

பெயர்ப்பலகையும் மணியும்

போக்குவரத்துக்கு என இரண்டு குறிகள் உள்ளன. ஒன்று டி.பி., மற்றொன்று டி.ஏ. இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

டி.பி. என்பது கடை வாசலில் உள்ள பெயர்ப்பலகை. "இந்த நிலையத்தில் போக்குவரத்துச் செய்தி உண்டு" என்று அது சொல்கிறது. அவ்வளவுதான். டி.ஏ. என்பது மணி. "இதோ, இப்போது செய்தி வாசிக்கப்படுகிறது" என்று அது அடிக்கிறது. இரண்டும் சேர்ந்து நான்கு நிலைகள்:

1. பலகையும் இல்லை, மணியும் இல்லை. இந்த நிலையத்தில் போக்குவரத்துச் செய்தியை எதிர்பார்க்க வேண்டாம்.

2. பலகை உண்டு, மணி இல்லை. செய்தி உண்டு, ஆனால் இந்த நிமிடத்தில் இல்லை.

3. பலகையும் உண்டு, மணியும் அடிக்கிறது. செய்தி இப்போது வாசிக்கப்படுகிறது.

4. பலகை இல்லை, மணிக்குறி மட்டும் உண்டு. "என்னிடம் இல்லை, ஆனால் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று பொருள். நம் கடையில் இல்லாத சரக்கைக் கேட்டு வருபவருக்குப் பக்கத்துக் கடையைக் காட்டுகிறோம் அல்லவா, அதைப் போல. இந்த வேலைக்கு இ.ஓ.என். என்று பெயர்.

பிரிட்டனில் நாடு முழுவதற்குமான பி.பி.சி. நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளூர் நிலையம் போக்குவரத்துச் செய்தி தொடங்கினால், பெட்டி அங்கே தாவி, முடிந்ததும் திரும்பி வருவது இந்த இ.ஓ.என். வழியாகத்தான். நம் நண்பர் கோட்டி என்று நினைத்தது இதைத்தான்.

ஓட்டுநர் டி.ஏ. பொத்தானை அமுக்கி வைத்திருந்தால் மட்டுமே பெட்டி மணிக்குச் செவி கொடுக்கும். கேசட் ஓடினாலும், குறுந்தகடு ஓடினாலும் நிறுத்திவிட்டுச் செய்திக்குப் போகும். பல பெட்டிகளில், ஒலியை முழுவதும் குறைத்து வைத்திருந்தாலும் செய்தி வரும்போது மட்டும் தானே கூட்டிக்கொள்ளும். செய்தி நடக்கும்போது டி.ஏ. பொத்தானை ஒரு தரம் தட்டினால், அந்த ஒரு செய்தியை மட்டும் விட்டுவிட்டுப் பாட்டுக்குத் திரும்பும் வசதியும் பல பெட்டிகளில் உண்டு. தொந்தரவு என்று அடியோடு அணைக்க வேண்டியதில்லை.

முப்பத்திரண்டு டப்பாக்கள்

பி.டி.ஒய். என்று ஒரு பொத்தான் உள்ளது. நிகழ்ச்சியின் வகையைச் சொல்லும் குறி இது. மளிகைக் கடை அலமாரியில் வரிசையாக டப்பாக்களை வைத்து, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மல்லி என்று சீட்டு ஒட்டுகிறோம். அதைப் போல 0 முதல் 31 வரை 32 டப்பாக்கள். ஐந்து பிட்டில் 32 எண்களைத்தான் எழுத முடியும் என்பதே இந்தக் கணக்குக்குக் காரணம்.

ஐரோப்பியப் பட்டியலில் 1 செய்தி, 4 விளையாட்டு, 10 பாப் இசை, 16 வானிலை, 17 நிதி, 20 சமயம், 28 நாட்டுப்புற இசை. வியாபாரிகளாகிய நமக்கு வேண்டியவை 1, 16, 17. கடைசி இரண்டு டப்பாக்கள் தனி. 31 என்பது அபாய அறிவிப்பு. 30 அதற்கான சோதனை. 31 வந்தால், அதை ஏற்கும் பெட்டிகள் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி அறிவிப்பை ஒலிக்கும்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு.

முதலாவது, சீட்டு மாறாத டப்பா. செய்தி நேரத்தில் 1, பாட்டு நேரத்தில் 10 என்று நிகழ்ச்சிக்கு ஏற்ப எண்ணை மாற்றும் நிலையம் உண்டு. ஒரே எண்ணை நாள் முழுவதும் ஒட்டி வைத்திருக்கும் நிலையமும் உண்டு. பின்னதில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதும் பெட்டி "பாப் இசை" என்றே காட்டும். பெட்டியில் "செய்தி" என்று தேடினால் அந்த நிலையம் அகப்படாது. குறை பெட்டியில் இல்லை, சீட்டில்தான்.

இரண்டாவது, ஊருக்கு ஊர் மாறும் பட்டியல். அமெரிக்காவில் 1993-இல் வகுக்கப்பட்ட முறைக்கு ஆர்.பி.டி.எஸ். என்று பெயர். அனுப்பும் விதம் ஒன்றே, டப்பாக்களின் வரிசை வேறு. 1 இரண்டிலும் செய்தி, 31 இரண்டிலும் அபாயம். ஆனால் ஐரோப்பாவில் நிதியைக் குறிக்கும் 17, அமெரிக்காவில் ஒருவகை மென்மையான இசையைக் குறிக்கும். ஐரோப்பாவில் 10 பாப் இசை, அமெரிக்காவில் அது கன்ட்ரி இசை. வானிலை அங்கே 29. ஆகவே ஒரு கண்டத்துப் பெட்டியை வாங்கி மறு கண்டத்தில் மாட்டினால் முகப்பில் தப்புத் தப்பாகத் தெரியும். விலை மலிவு என்று வாங்குமுன் எந்த நாட்டுப் பட்டியல் என்று கேட்டுக்கொள்ளவும். சில பெட்டிகளில் பட்டியலை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

குழூஉக்குறியில் வரும் செய்தி

அடக்க விலையைக் குழூஉக்குறியில் எழுதி வைப்பது நம் வியாபாரத்தில் பழைய வழக்கம். குறியின் பொருள் தெரிந்தவருக்கு மட்டுமே விலை தெரியும். டி.எம்.சி. என்ற முறையும் இத்தகையதே. வாய்ச்செய்திக்குப் பதிலாக, "இன்ன எண் இடம், இன்ன எண் நிகழ்வு" என்று எண்கள் மட்டும் வரும். இடங்களின் பட்டியலும் நிகழ்வுகளின் பட்டியலும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், ஓட்டுநருக்குத் தெரிந்த மொழியில் அது எழுதிக் காட்டும். ஜெர்மனியில் இது 1997-இல் தொடங்கியது.

ஆனால் இந்தச் சீட்டுக்கு முத்திரை கிடையாது. 2007-ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர், சாதாரணக் கருவிகளைக் கொண்டே பொய்யான டி.எம்.சி. செய்தியை ஒரு காரின் வழிகாட்டிக் கருவிக்கு அனுப்பிக் காட்டினார்கள். குறியை மட்டும் நம்பி முழுப் பொறுப்பையும் அதன்மேல் போடக் கூடாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

இன்றைய நிலை

நார்வே 2017-இல் நாடு தழுவிய நிலையங்களை எஃப்.எம்.மிலிருந்து டிஜிட்டல் முறைக்கு மாற்றிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் எஃப்.எம்.மை நிறுத்தியது. கைபேசியில் வழிகாட்டும் செயலிகளும் வந்துவிட்டன. ஆனாலும் டிஜிட்டல் வானொலியிலும் நிகழ்ச்சி வகைப் பட்டியலும், போக்குவரத்து அறிவிப்புக்குத் தாவும் வசதியும் இருக்கின்றன. பெயர்ப்பலகையும் மணியும் இடம் மாறியிருக்கின்றன, ஒழிந்துபோகவில்லை.

வண்டி வைத்திருப்போர் செய்ய வேண்டியவை சொற்பமே. புறப்படுமுன் முகப்பில் டி.ஏ. என்ற எழுத்து எரிகிறதா என்று பாருங்கள். கேட்கும் நிலையத்துக்கு டி.பி. குறி உண்டா என்று பாருங்கள். செய்திக்கான ஒலி அளவைக் கேட்கும்படி வையுங்கள். வண்டியை வேறு ஆளிடம் கொடுத்தால் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இதில் வியாபாரிக்கு ஒரு பாடமும் உண்டு. மணியை வேளைக்கு அடித்து வேளைக்கு நிறுத்தும் நிலையத்தைத்தான் ஓட்டுநர் நம்புவார். செய்தி முடிந்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அவர் பொத்தானை அணைத்துவிடுவார். பிறகு உண்மையான செய்தி வரும் நாளில் கேட்க ஆள் இருக்காது. டப்பாவில் ஒட்டும் சீட்டும் அப்படித்தான். மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்கும் வரைக்கும்தான் வாடிக்கையாளர் சீட்டைப் படிப்பார்.

நம் நண்பர் இப்போது டி.ஏ. பொத்தானை அணைப்பதே இல்லை. "பாட்டு நின்னா நிக்கட்டும் அண்ணாச்சி, கீரை வாடாம இருந்தாச் சரி" என்கிறார்.