மூன்றே டிகிரியில் ஒரு விமானம்

தரையிறங்க வரும் விமானம் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்போது ஓடுபாதை அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? பேப்பரும் பென்சிலும் எடுத்துவிட்டீர்களா? பலே, கெட்டிக்காரப் பிள்ளைகள்!

விமானி முதலில் நேராகப் பார்க்கிறார். அது கிடைக்கோடு. பிறகு பார்வையைத் தாழ்த்தி, ஓடுபாதையில் இறங்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறார். இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பதுதான் இறக்கக் கோணம்.

பெரும்பாலான விமான நிலையங்களில் இது 3 டிகிரிதான். கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகருமே, அவ்வளவுதான்!

இப்போது படம் வரையுங்கள். விமானத்திலிருந்து தரைக்கு ஒரு செங்குத்துக் கோடு. தரையில் ஒரு கோடு. சாய்வாகப் பார்வைக் கோடு. செங்கோண முக்கோணம் வந்துவிட்டதா?

ஆனால் நம் 3 டிகிரி முக்கோணத்துக்கு வெளியே, மேலே அல்லவா இருக்கிறது? கவலை வேண்டாம். கிடைக்கோடும் தரையும் இணைகோடுகள். பார்வைக் கோடு இரண்டையும் வெட்டுகிறது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று படித்தோமே! அதனால் ஓடுபாதை முனையிலும் அதே 3 டிகிரி. புரிந்ததா? இல்லையென்றால் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அவசரமே இல்லை.

அந்தக் கோணத்துக்கு எதிர்ப்பக்கம் உயரம். அடுத்துள்ள பக்கம் தூரம். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன்.

டேன் 3° = 300 ÷ தூரம்

அட்டவணையில் டேன் 3° சுமார் 0.0524. ஆகவே தூரம் = 300 ÷ 0.0524. விடை சுமார் 5,725 மீட்டர். ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோமீட்டர்!

சரிவு சரிதானா என்று விமானி கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பல ஓடுபாதைகளின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் சற்றே வெவ்வேறு கோணத்தில் பொருத்தப்பட்டது. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவு. நான்கும் சிவப்பா? மிகவும் தாழ்ந்துவிட்டார். நான்கும் வெள்ளையா? மிகவும் உயரத்தில் வருகிறார்.

இனி உங்கள் முறை. அதே சரிவில் விமானம் 150 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது. இப்போது தூரம் என்ன? அட்டவணையைத் தொடாமலே சொல்லுங்கள், பார்க்கலாம்!